பழம்பெட்டியும் புதுவீடும்

தாம்பரத்தைச் சூழ்ந்த ஊர்கள் நாளுக்கு நாள் மாறிவருகின்றன. சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர், குரோம்பேட்டை, பல்லாவரம் என எப்பக்கம் நோக்கினும், பழைய தனிவீடு இடிக்கப்பட்டு அவ்விடத்தில் அடுக்குமாடி எழுவதைக் காண்கிறோம். வீடு இடிபடும் நாளில் அதனுள் இருந்த பெட்டியும் பீரோவும் அலமாரியும் தெருவுக்கு வருகின்றன. காயலான் கடைக்காரர் அவற்றை ஒரே வண்டியில் ஏற்றிச் செல்கிறார். அவர் கொடுத்ததே விலை. சில மாதங்கள் கழிகின்றன. அவ்வடுக்குமாடியிற் குடிபுகுந்த அதே குடும்பத்தார் கிழக்குக் கடற்கரைச் சாலைக் கடையொன்றில் நுழைந்து, 'புராதனப் பொருள்' எனச் சீட்டு ஒட்டிய மரப்பெட்டி ஒன்றைப் பல்லாயிரம் ரூபாய்க்கு வாங்கி வருகின்றனர். தம் பாட்டனார் பெட்டி பாரமென்று போயிற்று. எவரோ ஒருவருடைய பாட்டனார் பெட்டி அழகென்று வந்தது. இதனை நாகரிகம் என்பதா, மறதி என்பதா?

பழைய சாமான்களை விரும்பி வாங்குதல் குற்றமென்று சொல்ல நாம் முன்வந்தோமில்லை. உறுதியும் அழகும் வாய்ந்த பழம்பொருள் ஒன்று, ஒருமுறை பயன்பட்டு ஒழியும் பத்துப் புதுப்பொருள்களினும் மேலானதே. ஆயினும் அதனைத் தேரும் முறையில் நம்மவரிடையே பெரியதொரு குழப்பம் இருக்கிறது. வயது ஒன்றையே மேன்மையென்று எண்ணி விலை கொடுக்கிறோம். பெட்டி என்பது பொருளை வைத்துக் காப்பதற்கு உரியது. ஆதலின் அதன் மேன்மை இரண்டினால் அளக்கப்படவேண்டும்: தன்னுள் இட்டதைக் காக்கும் திறம் ஒன்று, அது நம் வீடு வந்துசேர்ந்த வழியின் நேர்மை மற்றொன்று. இவ்விரண்டும் உள்ள பொருளைத் தேடுவோர், முதலில் தம் வீட்டுப் பரணையே நோக்கவேண்டும் என்பது எமது துணிபு.

பெட்டிகளின் சரித்திரம் அவற்றின் பெயர்களிலேயே அடங்கியுள்ளது. பெட்டி, பேழை, பெட்டகம் என்பன நம் பழஞ்சொற்கள். விவிலியத்தைத் தமிழாக்கியோர் நோவா கட்டியதைப் பேழை என்றும், இஸ்ரவேலர் சுமந்து சென்றதை உடன்படிக்கைப் பெட்டி என்றும் வழங்கினர். நெல்லுக்குக் குதிரும் பத்தாயமும், ஆடைக்கும் அணிகலனுக்கும் பெட்டகமும், சமையற் சரக்கிற்கு அஞ்சறைப்பெட்டியும், வணிகர் பணத்திற்குக் கல்லாப்பெட்டியும் என ஒவ்வொன்றிற்கும் ஓர் உறைவிடம் நம் முன்னோர் வகுத்திருந்தனர். நின்ற நிலையிற் கதவு திறக்கும் அலமாரியின் பெயரோ கடல்கடந்து வந்தது. 'அலமாரி' என்பது போர்ச்சுகீசியச் சொல். அதனைப் பூட்டும் 'சாவி'யும் அவ்வாறே. 16-ஆம் நூற்றாண்டில் அம்மக்கள் நம் பகுதிக்கு வந்ததன் அடையாளம் பரங்கிமலை என்னும் பெயரிலும் நிலைத்து நிற்கிறது. 'பீரோ' என்பது பிரெஞ்சுச் சொல். அம்மொழியில் எழுதுமேசையைக் குறிக்கும் அது, நம் நாட்டிற் கதவுடைய நெடிய பெட்டிக்குப் பெயராயிற்று.

பின்னர் ஆங்கிலேயப் படை பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் தங்கிற்று. பாசறைதோறும் இடம்பெயர்ந்த ஆங்கிலேயப் படைத்தலைவர்களுக்கெனத் தச்சர்கள் ஒரு புதுவகைப் பெட்டி செய்தனர். இழுப்பறைகள் கொண்ட அப்பெட்டி இரண்டு பாதியாகப் பிரியும். ஒவ்வொரு பாதியையும் வண்டியிலோ விலங்கின்மேலோ ஏற்றலாம். மூலைகள் மோதி உடையாதபடி பித்தளைத் தகடு பதித்திருக்கும். பிடிகள் வெளியே நீளாமல் மரத்தினுள்ளேயே அடங்கியிருக்கும். இன்று அப்பித்தளைத் தகட்டை வெறும் அலங்காரமென்று எண்ணி வாங்குவோர் பலர். அஃது அலங்காரமன்று, வழிநடைத் துன்பத்திற்குத் தச்சன் கண்ட மருந்து. இருபதாம் நூற்றாண்டில் மரம்விட்டு உருக்கிற்கு வந்தோம். 1923-இல் கோத்ரெஜ் நிறுவனத்தார் உருக்கு பீரோ செய்யத் தொடங்கினர். நாளடைவில் அந்நிறுவனத்தின் பெயரே பொருளுக்கும் பெயராகி, மணமகள் சீரிலும் இடம்பெற்றது.

இவற்றிலிருந்து நாம் அறிவது ஒன்றுண்டு. ஒவ்வொரு பெட்டியின் வடிவும் ஒரு தேவையிற் பிறந்தது. ஆதலின் வாங்குவோன் கேட்கவேண்டிய முதல் வினா, 'இதன் வயது என்ன?' என்பதன்று; 'இதனுள் நான் எதனை வைக்கப்போகிறேன்?' என்பதே. இவ்வினாவிற்கு விடையில்லாதவன் வாங்கும் பெட்டி, தானே இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் இன்னொரு சுமையாகும்.

இனி, பழையதை விரும்புவதற்கு உண்மையான காரணங்கள் உள்ளனவா என்று பார்ப்போம். உள்ளன. முதலாவது மரம். சென்ற நூற்றாண்டின் முற்பகுதி வரையில் பர்மாத் தேக்கு ரங்கூன் முதலிய துறைமுகங்களிலிருந்து தமிழ்நாட்டிற்கு வந்துகொண்டிருந்தது. செட்டிநாட்டு மாளிகைகளின் தூண்களும் கதவுகளும் அதற்குச் சான்று. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது அவ்வணிகம் அறுபட்டது. 2014 ஏப்ரல் மாதம் முதல் மியன்மார் அரசாங்கம் வெட்டுமரமாக ஏற்றுமதி செய்தலைத் தடுத்துவிட்டது. இளமையிலேயே வெட்டப்படும் மரத்தில் வெளிறு மிகுதி, வைரம் குறைவு. கறையானைத் தாங்கும் ஆற்றலோ வைரத்திற்கே உரியது. வைரம் பாய்ந்த முதுதேக்கில் இழைத்த ஒரு பெட்டியை இன்று புதிதாகச் செய்விக்க விரும்பினால், கூலியினும் மரமே அரிதாகும்.

இரண்டாவது காரணத்தை நம் தாம்பரத்தார் நீரில் நின்று கற்றனர். 2015 டிசம்பர் முதல் இரண்டு நாட்களில், ஒரே பகலிரவில், தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு கரைபுரண்டு முடிச்சூரும் வரதராஜபுரமும் நீருள் ஆழ்ந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அப்பகுதிகள் வெள்ளத்தை மறுமுறை கண்டன. இக்காலத்து மலிவான அலமாரிகள் மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகையால் ஆனவை. அப்பலகை நீரை உறிஞ்சி ஊதும். ஊதியபின் உலர்ந்தாலும் பழைய நிலைக்கு வாராது. திருகாணி அதிற் பிடிக்காது. திண்மரத்தாலான பெட்டியோ நனைந்தபின் சேற்றைக் கழுவி, கதவுகளைத் திறந்துவைத்து, வெயிலிற் காட்டாது நிழலிற் பல நாள் மெல்ல உலர்த்தினால், பெரும்பாலும் மீண்டும் பயன்படும். இணைப்பு ஒன்றிரண்டு தளர்ந்தாலும் தச்சர் அதனைக் கழற்றிப் பூட்டலாம். செப்பனிடக்கூடியது என்பதே பழம்பொருளின் தலையாய சிறப்பு.

ஆயினும் எதிர்வாதம் செய்வோர் கூறுவதையும் நாம் கேட்கவேண்டும். 'ஈரறை வீட்டில் ஆறடிப் பத்தாயத்தை எங்கே வைப்பது? ஆண்டுக்கொரு வாடகை வீடு மாறுபவன் அதனை எவ்வாறு தூக்குவான்? அதன் அடியிற் பெருக்கித் துடைக்கும் துன்பம் யாருக்கு?' என்கின்றனர். இவை வீண்வாதங்கள் அல்ல. குறிப்பாக, வீட்டைத் துப்புரவு செய்யும் பெண்மக்களின் முதுகுவலி எந்தக் கலையழகினும் முற்பட எண்ணத்தக்கது. எல்லாவற்றையும் வைத்துக்கொள்க என்று நாம் கூறவில்லை. பத்தில் ஒன்றை வைத்துக்கொண்டாற் போதும். பத்தாயம் வைக்க இடமில்லாத வீட்டில் கல்லாப்பெட்டிக்கு இடமுண்டு. பெரிய அலமாரிக்கு இடமில்லையெனின், பாட்டியின் ட்ரங்குப் பெட்டி கட்டிலின் அடியில் அடங்கும். 1837-இல் தோன்றிய நம் கல்லூரி, நூறாண்டு கழித்து 1937-இல் ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக் காட்டிற்கு இடம்பெயர்ந்தது. இடம்பெயரும் நிறுவனமாயினும் குடும்பமாயினும், எதனை உடன்கொண்டு செல்வது என்ற வினாவிற்கு விடைகூறியே தீரவேண்டும். ஆராய்ந்து விடுத்தல் வேறு. ஆராயாமல் எறிதல் வேறு.

வீட்டில் ஒன்றுமில்லை, வெளியில்தான் வாங்கவேண்டும் என்போர்க்குச் சில குறிப்புகள் கூறுவாம்.

முதலில் அளவுநாடாவைக் கையில் எடுக்க. பெட்டி நிற்கும் இடத்தை அளப்பது போதாது. வீட்டு வாயில், மாடிப்படித் திருப்பம், மின்தூக்கியின் கதவு ஆகியவற்றையும் அளக்கவேண்டும். பழைய அலமாரிகள் பல, முடியும் உடலும் பீடமும் தனித்தனியே கழலுமாறு செய்யப்பட்டவை; கழலுமா என்று கடையிலேயே பார்த்துவிடுக. உள்ளாழத்தையும் அளக்க. சட்டைகளைத் தோள்மாட்டியிற் குறுக்காகத் தொங்கவிட ஏறக்குறைய 22 அங்குல ஆழம் வேண்டும். மடித்துவைத்த துணிக்கென்று செய்த பழைய அலமாரி அவ்வளவு ஆழம் உடையதன்று. அதிற் புடவையும் வேட்டியும் நன்கு அடங்கும், மேற்சட்டை அடங்காது. புத்தகம் வைப்பதாயின் தட்டின் கனத்தையும் தாங்குகோலையும் பார்க்கவேண்டும். புத்தகத்தின் பாரத்தை அறியாது வாங்கிய தட்டு, ஓராண்டிற்குள் நடுவில் தொய்ந்துவிடும்.

அடுத்து, முகப்பை விட்டு முதுகைப் பார்க்க. பொய் மெருகு முகப்பில் இருக்கும். மெய் முதுகிலும் அடியிலும் இருக்கும். இழுப்பறையை முழுதும் வெளியே இழுத்துத் தலைகீழாகத் திருப்புக. கையால் அறுத்த பலகையில் வாளின் தடம் நேர்கோடுகளாக, ஒன்றுக்கொன்று சற்றே ஒவ்வாது கிடக்கும். வட்ட ரம்பத்தின் தடம் வில்போல் வளைந்து கிடக்கும். இழுப்பறையின் மூலையிற் புறாவின் வால்போல் விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருப்பின், அவற்றின் இடைவெளியை நோக்குக. கைத்தச்சன் செய்தவை சிறிது ஏறியும் குறைந்தும் இருக்கும். இயந்திரம் செய்தவை எல்லாம் ஒரே அளவாய் இருக்கும். பலர் கைபட்ட இடங்கள் பிடியைச் சுற்றியும் கதவின் ஓரத்திலும் தேய்ந்திருத்தல் இயல்பு. எவரும் தொடாத உட்புறமும் அதே அளவு தேய்ந்திருந்தால், அத்தேய்வு காலத்தின் வேலையன்று, உப்புத்தாளின் வேலை. மாமரத்திற்குக் கருஞ்சாயம் பூசி ஈட்டியென்று விற்போரும் உளர். சாயமேறாத அடிப்பலகையே அதனை வெளிப்படுத்தும்.

பழைய உத்திரங்களையும் கதவுகளையும் அறுத்துப் புதிதாகச் செய்த அலமாரிகளும் கடைகளில் உள. அவற்றை நாம் இகழவில்லை. இடிந்த வீட்டின் நன்மரம் விறகாகாமல் மறுபிறவி எடுப்பது நல்லதே. ஆனால் அதன் மரம் பழையது, பெட்டி புதியது. விற்பவர் அதனைச் சொல்லி, அதற்குரிய விலை கேட்பின் வாங்கலாம். நூற்றாண்டுப் பெட்டியென்று சொல்லி விற்பின் அது வஞ்சனை.

மூன்றாவது, பூச்சி. பெட்டியின் அடியில் வெள்ளைத் துணியை விரித்து மெல்லத் தட்டுக. மாவுபோன்ற புதுத்தூள் உதிர்ந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது. பழந்துளைகள் இருந்தும் தூள் உதிராவிடின் நோய் தீர்ந்திருக்கக்கூடும். ஐயமுள்ள பொருளை வீட்டினுள் மற்ற மரச்சாமான்களோடு சேர்த்து வையாது, தனியே சில வாரம் வைத்துப் பார்த்தல் நன்று. சுவரோடு ஒட்டிவைத்தால் கறையானுக்கு வழி திறந்ததாகும். நான்கு விரற்கடை இடம் விட்டு வைக்க. துணிகளிடையே வேப்பிலையும் வசம்பும் இடும் நம் பாட்டிமார் வழக்கம் இன்றும் பயன்தருவதே.

நான்காவது, புதுப்பித்தல். கடையிலிருந்து வந்த மறுநாளே மெருகைச் சுரண்டி எடுத்துப் புத்தொளி ஏற்றுவோர் உளர். பழைய மெருகு பெரும்பாலும் அரக்கினால் ஆனது. தேன்மெழுகும் மென்துணியும் கொண்டு துடைத்தாலே அது மீண்டும் ஒளிவிடும். கதவின் சட்டத்தினுள் இருக்கும் பலகையைப் பழந்தச்சர் பசையிடாமல் தளர விட்டிருப்பர். மரம் மழைக்காலத்தில் விரிந்து கோடையிற் சுருங்கும் என்பது அவர்கள் அறிந்தது. அவ்விடைவெளியைக் கண்டு பசையிட்டு அடைத்தால், பலகை நகர இடமின்றிப் பிளந்துவிடும். பழைய வண்ணப்பூச்சு உள்ள பெட்டியாயின் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அக்காலப் பூச்சுகளில் ஈயம் கலந்திருத்தல் வழக்கம். உலர்ந்த நிலையில் தேய்த்தால் அத்தூள் காற்றிற் பரந்து குழந்தைகளின் மூளைக்குக் கேடு செய்யும். நம் நாட்டிலேயே வீட்டுப் பூச்சில் ஈயம் பத்து லட்சத்திற்கு 90 பங்கிற்கு மேற்படலாகாது என்ற விதி 2017 நவம்பரிற்றான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அத்தகைய பெட்டியைத் தேய்க்காமல் விடுக. குழந்தைகள் புழங்கும் அறையிலும் வையாதீர்.

குழந்தைகள் உள்ள வீட்டார்க்கு மேலும் இரண்டு சொல்வோம். நெடிய அலமாரியைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணிக்கவேண்டும். இழுப்பறையைப் படியாக்கி ஏறும் குழந்தையின்மேல் அது சாயக்கூடும். மூடினால் தானே பூட்டிக்கொள்ளும் தாழுடைய பெரிய பெட்டியில் அத்தாழைக் கழற்றிவிடவேண்டும். விளையாட்டாய் உள்ளே ஒளியும் குழந்தை மூச்சடைத்து மாளும் அபாயம் அதில் உண்டு. அழகைக் காத்தலினும் உயிரைக் காத்தல் முதன்மையானது.

எங்கு வாங்குவது? முன்னாளிற் சென்னை மாந்தர் பழம்பொருளுக்கு மூர் மார்க்கெட்டை நாடினர். அது 1985-இல் தீக்கிரையாயிற்று. நம் பக்கத்தில் பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தை இன்றும் நடைபெறுகிறது. செடி கொடிகளும் புறா கோழிகளும் பழைய இயந்திர உறுப்புகளும் விற்கும் அச்சந்தையில், பழைய நாற்காலியும் பெட்டியும் கிடைக்கக் காண்கிறோம். கடற்கரைச் சாலைக் கடைகளில் மெருகும் விளக்கொளியும் விலையை ஏற்றுகின்றன. சந்தையில் வெயிலும் புழுதியும் உண்மையைக் காட்டுகின்றன. அங்கே வாங்கி, நம் தெருத் தச்சர் ஒருவரிடம் செப்பனிடக் கொடுத்தால், பெட்டிக்கும் வாழ்வு, தச்சருக்கும் வேலை. எந்தக் கடைக்குப் போகுமுன்னும், முட்டுக்காட்டில் 1996 முதல் விளங்கும் தக்ஷிணசித்ராவை ஒருமுறை கண்டுவருதல் நலம். தென்னாட்டு வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து நிறுவியிருக்கும் அவ்விடத்தில், வீடும் அதற்குரிய சாமானும் ஒருங்கே இருக்கும் இயல்பைக் கண்ணாற் கண்டவர் எளிதில் ஏமாறார்.

இனி, நாம் மிகவும் வற்புறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறோம். ஒரு பழம்பெட்டி கடைக்கு வரவேண்டுமெனின், எங்கோ ஒரு வீடு அதனை இழக்கவேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குச் சென்று வந்தோர் இதனை அறிவர். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்குரிய உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. அவ்வூர்களில் பங்காளிகள் பல நாடுகளிற் சிதறிக் கிடக்க, பராமரிப்பாரின்றி இடிக்கப்பட்ட மாளிகைகளின் தூணும் கதவும் பெட்டகமும் தனித்தனியே விலைபோயின. வீட்டார் மனமுவந்து விற்றதை வாங்குதல் குற்றமன்று. ஆனால் நகரத்தில் விலை ஏற ஏற, நாளை நிற்கவேண்டிய வீடும் இன்றே இடிபட ஊக்கம் பிறக்கிறது. கதவு விற்பனைக்காகவே வீடு வீழுமாயின், அக்கதவை வாங்கியவன் கையிலும் அப்பழியிற் சிறிது ஒட்டாதா?

கோயிற் பொருளைப் பற்றியோ இருவேறு கருத்திற்கே இடமில்லை. தேரிலிருந்து பெயர்த்த சிற்பப்பலகை அலமாரியின் கதவாக வந்து நின்றால், எத்துணை மலிவாயினும் விலகிச் செல்லவேண்டும். சிலைத் திருட்டைத் தடுக்கத் தமிழ்நாட்டுக் காவல்துறையில் 1983 முதல் தனிப்பிரிவு இயங்குவது எதனாலென்று எண்ணிப் பார்க்க. மாதாகோயிலின் பழைய பெட்டிகளுக்கும் இதே நீதியே பொருந்தும். ஆதலின் வாங்குமுன், 'எந்த ஊரிலிருந்து வந்தது? எவ்வகை வீட்டினது? எந்தப் பகுதி புதிதாகச் சேர்க்கப்பட்டது?' என்று கேட்டு, விடையைச் சீட்டில் எழுதி வாங்குக. எழுதித் தர மறுப்பவரிடம் பொருளும் வேண்டா.

கடல்கடந்து வாழும் நம் பழைய மாணவர்களுக்கும் ஒரு சொல். வணிகர் 'ஆன்டிக்' என்றும் 'விண்டேஜ்' என்றும் மனம்போனவாறு பெயரிடுவர்; சட்டத்திற்கோ ஓர் எல்லை உண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி, 100 ஆண்டிற்குக் குறையாத கலைவேலைப் பொருள்களும் சரித்திர முக்கியத்துவம் உடையனவும் தொல்பொருளாகும். அவற்றைத் தனியார் எவரும் வெளிநாட்டிற்குக் கொண்டுசெல்லல் ஆகாது. ஐயத்திற்கு இடமான பொருளாயின், அது தொல்பொருளன்று என்னும் சான்றைத் தொல்லியல் துறையாரிடம் பெற்றபின்னரே அனுப்பவேண்டும். தந்தவேலை பதித்த பெட்டியாயின் வனவிலங்குச் சட்டமும் குறுக்கே நிற்கும். ஊர் நினைவாகக் கொண்டுசெல்ல விரும்பியது துறைமுகத்திற் பறிபோவதினும், அதனை ஊரிலேயே தம்பி தங்கையர் வீட்டில் வைத்துப் போற்றுதல் மேலன்றோ?

இவ்வளவும் படித்த மாணவருட் சிலர், 'ஐயா, எங்கள் வீட்டிற் பெட்டகமும் இல்லை, பெட்டக அறையும் இல்லை. எங்கள் பாட்டனார் பிறர் நெல்லைச் சுமந்து பிறர் பத்தாயத்திற் கொட்டியவர். பழம்பெருமை பேசும் இக்கட்டுரை எங்களுக்கு எதற்கு?' என வினவக்கூடும். நியாயமான வினா. பழம்பொருளின் மதிப்பு மாளிகைக்கு மட்டும் உரியதென்றால், அதனைப் பேசாதிருத்தலே நன்று. ஆனால் அவ்வாறன்று. பனையோலையால் முடைந்த பெட்டியும், தகரத்தில் அடித்த ட்ரங்குப் பெட்டியும், தாய் மிளகும் கடுகும் இட்டுவைத்த அஞ்சறைப்பெட்டியும், கூரையினின்று தொங்கிய உறியும் சேமிப்புக் கலையின் உறுப்புகளே. தன் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி புகுந்த ஒருவன் தன் சான்றிதழ்களையும் ஒரு மாற்றுடையையும் எந்தத் தகரப்பெட்டியில் வைத்து விடுதிக்குக் கொண்டுவந்தானோ, அப்பெட்டி ஈட்டிமரப் பெட்டகத்திற்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. அப்பெட்டியிலிருந்துதான் அவ்வீட்டின் சரித்திரம் எழுத்தில் தொடங்குகிறது. உள்ளே துருவைத் துடைத்து, அடியில் ஒரு பலகை இட்டு, அதனை வீட்டின் நல்லதோர் இடத்தில் வைக்க. நூறாண்டு கழித்து அதனைப் புராதனம் என்று பிறர் சொல்லட்டும்.

மலைப்பிரசங்கத்தைக் கேட்டு வளர்ந்த நம் கல்லூரியார்க்கு, மண்ணிற் சேர்த்துவைக்கும் பொக்கிஷத்தைப் பற்றிய எச்சரிக்கை புதியதன்று. பெட்டிகள் பெருகப் பெருக, அவற்றை நிரப்பும் ஆசையும் பெருகும். பழம்பெட்டி ஒன்று நமக்குச் செய்யக்கூடிய பேருதவி, அளவைக் கற்பித்தலே. ஒரு குடும்பம் முழுவதும் தன் நல்லாடைகளை ஒரு பெட்டகத்துள் அடக்கி வாழ்ந்த காலம் உண்டு. இன்று ஒருவருடைய ஆடைக்கே ஒரு சுவர் முழுதும் அலமாரி போதவில்லை. குறை அலமாரியிலா, நம்மிலா?

ஆகவே, புதுவீடு புகும் அன்பர்களே, காயலான் கடைக்காரரை அழைக்குமுன் ஒருநாள் பொறுத்திருங்கள். பரணில் உள்ளதை இறக்கிப் பாருங்கள். அதன் பூட்டிற்கு எண்ணெய் இடுங்கள். அதனைப் பற்றித் தெரிந்த முதியவர் வீட்டிலிருந்தால் கேட்டு, ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். வைத்துக்கொள்ள இயலாதெனின், எடைக்குப் போடாமல் பயன்படுத்துவார் ஒருவருக்குக் கொடுங்கள். வாங்கவேண்டுமெனின் முதுகைப் பார்த்து, வழியைக் கேட்டு, தேவைக்கு ஏற்ற ஒன்றை வாங்குங்கள். நல்ல பெட்டி மூன்று தலைமுறைக்கு உழைக்கும். அம்மூன்றில் நாம் ஒரு தலைமுறையே. அடுத்தவர் கையிற் பழுதின்றிச் சேர்ப்பிப்பதே நம் கடன்.